வளவில் வைக்க வேண்டிய மெயில் சர்வர்: எது நம்மால் முடியும், எது வேண்டாத வேலை

ஜிமெயில் இலவசமாகத் தரும் இடம் 15 ஜிபி. கடிதம், ட்ரைவில் போட்ட கோப்பு, 2021 ஜூனுக்குப் பிறகு போட்டோஸில் ஏற்றிய படம் எல்லாம் அந்த ஒரே கணக்கில்தான் கழியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவருக்கும் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்துபவருக்கும் இது சீக்கிரம் நிரம்பிவிடும். ஒரு தேக்குத் தூணை நாலு பக்கமும் படமெடுத்து வாங்குபவருக்கு அனுப்பினால் அந்த ஒரு கடிதமே 20 எம்பி வந்துவிடுகிறது. போதாததற்கு, கடிதத்தோடு இணைக்கும் படம் வெறும் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணம் போகிறது. அந்த மாற்றத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்துவிடும்.

இதற்கிடையில் கூகுள் ஓர் அறிவிப்பு செய்தது: வேறு நிறுவனக் கணக்குகளுக்கு வரும் கடிதங்களை பாப் என்ற அஞ்சல் எடுக்கும் முறை வழியாக ஜிமெயிலுக்குள் இழுத்துக்கொள்ளும் வசதியை 2026 ஜனவரியில் தொடங்கி நிறுத்தப்போகிறோம் என்று. கடை பெயரில் ஒரு முகவரி, அதைப் படிப்பது மட்டும் ஜிமெயிலில் என்று பழகியவர்கள் குழம்பிப்போனார்கள். "இனிமேல் தண்டர்பேர்டில் ஜிமெயிலைப் படிக்க முடியாதாமே" என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. அது தவறு. நின்றது ஜிமெயில் வெளியே போய் எடுத்துவரும் வேலை. தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் படிக்கும் மென்பொருள் ஜிமெயிலுக்குள் வந்து கடிதங்களை எடுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, நாமே ஒரு மெயில் சர்வர், அதாவது கடிதங்களை வாங்கி வைத்து அனுப்பும் ஏற்பாடு, வைத்துக்கொண்டால் என்ன? இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. "வேண்டவே வேண்டாம், தலைவலி" என்கிறார்கள் சிலர். "ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே சரிதான். ஏனென்றால் இரு தரப்பும் பேசுவது ஒரே பொருளைப் பற்றி இல்லை.

ஒரு கடிதம் கைமாறும் நான்கு இடங்கள்

மெயில் சர்வர் என்று ஒற்றைப் பெயரில் சொல்வதால்தான் குழப்பம். ஒரு மின்னஞ்சல் எழுதப்பட்டுப் படிக்கப்படும் வரை நான்கு வேலைகள் நடக்கின்றன.

1. எழுதுவதும் படிப்பதும். நம் மேசையில் இருக்கும் தண்டர்பேர்ட், அவுட்லுக், ஆப்பிள் மெயில் போன்றவை. இவற்றுக்குப் பெயர் கிளையன்ட்.

2. சுமந்துபோவது. எழுதிய கடிதத்தை வாங்கிக்கொண்டு, யாருக்கு என்று பார்த்து, அந்த ஊர் சர்வரிடம் சேர்ப்பது. இதற்காக சர்வர்கள் பேசிக்கொள்ளும் முறைக்குப் பெயர் எஸ்எம்டிபி. ஜான் போஸ்டல் எழுதி 1982-ல் வெளிவந்த விதிமுறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் போன்ற மென்பொருள்கள் செய்வது இந்த வேலை. சர்வரும் சர்வரும் பேசிக்கொள்வது 25-ஆம் போர்ட்டில். நம் கிளையன்ட் கடிதத்தை ஒப்படைப்பது 587 அல்லது 465-இல். போர்ட் என்பது ஒரே கட்டடத்தின் வாசல் எண் மாதிரி, அவ்வளவுதான்.

3. பெட்டியில் போடுவது. வந்த கடிதத்தை உரியவரின் பெட்டியில், உரிய அறையில் (ஃபோல்டரில்) சேர்ப்பது. "பில் என்று தலைப்பிருந்தால் கணக்கு அறையில் போடு" என்பது போன்ற விதிகள் இங்கே இயங்கும்.

4. பெட்டியைத் திறந்து காட்டுவது. கிளையன்ட் வந்து பாஸ்வேர்ட் சொன்னால், உள்ளே இருப்பதைக் காட்டுவது. இதற்கு இரண்டு முறைகள்: பாப், ஐமேப். டிமோ சிராய்னென் 2002-ல் வெளியிட்ட டவ்காட் என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்குப் பெயர்பெற்றது.

பாப், ஐமேப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பாப் என்பது அஞ்சல் நிலையத்துக்குப் போய்க் கடிதங்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவது. அதன் பிறகு அவை அந்த வீட்டில், அதாவது அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான். கடைக் கம்ப்யூட்டரில் எடுத்த கடிதம் கணக்குப்பிள்ளையின் லேப்டாப்பில் தெரியாது. தெரிந்தாலும் படித்தது எது, பதில் போட்டது எது என்று தெரியாது. ஹார்ட் டிஸ்க் போனால் கடிதமும் போச்சு. ஐமேப் அப்படியில்லை. 1986-ல் மார்க் கிரிஸ்பின் வடிவமைத்த இந்த முறையில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும். எத்தனை கிளையன்ட் வந்தாலும் ஒரே பெட்டியைத்தான் பார்ப்பார்கள். ஒருவர் படித்துவிட்டால் மற்றவர் திரையிலும் அது படித்த கடிதம்.

செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொண்டால் இந்த நான்கையும் பிரிப்பது எளிது. தெருவிலிருந்து யார் வந்தாலும் திண்ணை, முகப்பு வரை வரலாம். வளவு என்ற உள்வீட்டுக்குள் குடும்பத்தார்தான். இரண்டாவது வேலை முகப்பு வேலை. உலகம் முழுவதும் வந்து கதவைத் தட்டும். நான்காவது வேலை வளவு வேலை. "வேண்டாம், தலைவலி" என்பவர்கள் முகப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். "மத்தியானத்தில் முடியும்" என்பவர்கள் வளவைப் பற்றிப் பேசுகிறார்கள்.

முகப்பு ஏன் ஒத்துவராது

முதல் காரணம், தெருவாசலே பல சமயம் நமக்கென்று இருப்பதில்லை. வீட்டு இணைப்பில் இணைய நிறுவனம் தரும் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பின் எண்) மாறிக்கொண்டே இருக்கலாம். அதைவிட மோசமாக, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தந்திருக்கலாம். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்து பாருங்கள்: வெளி முகவரி 100.64-இல் தொடங்கி 100.127 வரையான எண்களில் ஒன்றாக இருந்தால் நீங்கள் பகிர்ந்த வாசலில் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து யாரும் உங்கள் சர்வரை நேராகக் கூப்பிட முடியாது.

இரண்டாவது, அனுப்புவதில் உள்ள அவநம்பிக்கை. வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் கோடிக்கணக்கில் குப்பை அஞ்சல் அனுப்பிய வரலாறு இருப்பதால், வீட்டு இணைப்புகளில் 25-ஆம் போர்ட்டை அடைத்து வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பு இத்தகைய முகவரி வரிசைகளுக்கென்றே தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இருக்கும் முகவரியிலிருந்து நேராக அனுப்பும் கடிதத்தைப் பெரிய சர்வர்கள் வாங்குவதே இல்லை.

மூன்றாவது, அத்தாட்சிகள். உங்கள் டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வருவது) பெயரில் கடிதம் அனுப்ப எந்த ஐபி முகவரிக்கு உரிமை உண்டு என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். கடிதத்தில் வைக்கும் டிஜிட்டல் முத்திரை டிகிம். இவை இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் இவற்றைக் கறாராகக் கேட்கின்றன. நாளுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவருக்கு மூன்றும் கட்டாயம். மற்றவர்களுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது. ஐபி எண்ணைத் தந்தால் சர்வரின் பெயர் திரும்ப வரும்படியான பதிவும் வேண்டும். வீட்டு இணைப்பில் அதைச் செய்துகொடுக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

மின்வெட்டைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அது அவ்வளவு பெரிய காரணமில்லை. பெறும் சர்வர் தூங்கிவிட்டால் அனுப்பும் சர்வர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயல வேண்டும், கைவிடுவதற்கு நாலைந்து நாளாவது பார்க்க வேண்டும் என்பது எஸ்எம்டிபி விதியிலேயே இருக்கிறது. ஒரு மழை ராத்திரி கரண்ட் போனதால் கடிதம் தொலையாது.

வளவு மட்டும் வைத்தால் எப்படி இருக்கும்

ஆகக் குறைந்த அமைப்பு இதுதான். வெளி உலகத்தோடு பேசும் வேலை ஏற்கெனவே இருக்கும் ஜிமெயிலிடமோ காசு கொடுத்து வாங்கிய அஞ்சல் சேவையிடமோ இருக்கட்டும். வீட்டில் அல்லது கடையில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் டவ்காட் மட்டும் ஓடும். பழைய லேப்டாப் போதும். ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கருவியும் தாராளம். தண்டர்பேர்டில் இரண்டு கணக்குகள் தெரியும்: ஒன்று ஜிமெயில், இன்னொன்று இந்த வீட்டுப் பெட்டகம்.

கடிதம் பெட்டகத்துக்கு வர இரண்டு வழி. கையால் செய்வது முதல் வழி: 2019-ஆம் ஆண்டுக் கடிதங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, ஜிமெயிலிலிருந்து இழுத்து வீட்டுக் கணக்கில் விட வேண்டியது. வருடத்துக்கு இரண்டு தடவை செய்தால் போதும் என்பவர்களுக்கு இதுவே சரி, வேறு எதையும் நிறுவ வேண்டாம். இரண்டாவது, ஃபெட்ச்மெயில், கெட்மெயில் போன்ற சிறு மென்பொருள் ஒன்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போய் எடுத்துவருவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. ஃபெட்ச்மெயில் எடுத்த கடிதத்தை, வேறெதுவும் சொல்லாவிட்டால், உள்ளூர் எஸ்எம்டிபி சர்வரிடம் கொடுக்கப் பார்க்கும். அதற்காகவே பலர் போஸ்ட்ஃபிக்ஸையும் நிறுவி, வேண்டாத முகப்பைக் கட்டிவிடுகிறார்கள். கடிதத்தை நேராக டவ்காட்டின் பெட்டியில் போடும் சிறு நிரல் டவ்காட்டோடே வருகிறது. அதைக் காட்டிவிட்டால் போதும்.

அனுப்புவது? தண்டர்பேர்டில் வரும் அஞ்சலுக்கு ஒரு சர்வர், போகும் அஞ்சலுக்கு வேறு சர்வர் என்று தனித்தனியாகத் தரலாம். வீட்டுக் கணக்கிலிருந்து எழுதினாலும் போகும் வழி ஜிமெயிலின் 587-ஆம் வாசலாக இருக்கட்டும். கடைப் பெயர் கொண்ட முகவரியிலிருந்து அனுப்ப நினைத்தால் அந்த முகவரியை முன்கூட்டியே ஜிமெயிலில் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுப்புநர் இடத்தில் உங்கள் ஜிமெயில் முகவரியையே அது எழுதிவிடும்.

ஜிமெயிலின் மூன்று வம்புகள்

1. பாஸ்வேர்ட். 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வழக்கமான பாஸ்வேர்டை வைத்துப் பிற மென்பொருள் நுழைய முடியாது. தண்டர்பேர்ட் உலாவிச் சாளரத்தைத் திறந்து கூகுளிடமே அனுமதி வாங்கிவிடும். தானாக எடுத்துவரும் சிறு மென்பொருளுக்கோ, இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, 16 எழுத்து கொண்ட தனி பாஸ்வேர்ட் ஒன்றைக் கூகுளிடம் வாங்கித் தர வேண்டும். அவுட்லுக் டாட் காம் இன்னும் கறார். 2024 செப்டம்பர் 16-க்குப் பின் அங்கே கிளையன்ட்கள் பாஸ்வேர்டை மட்டும் சொல்லி நுழைய முடியாது.

2. இடம் காலியாகாது. ஜிமெயிலில் உண்மையான அறைகள் கிடையாது, ஒட்டுச்சீட்டுகள் (லேபிள்)தான். ஒரு கடிதத்தை இன்பாக்ஸிலிருந்து வீட்டுப் பெட்டிக்கு நகர்த்தினால், இயல்பான அமைப்பில் இன்பாக்ஸ் என்ற சீட்டுதான் கழலும். கடிதம் "எல்லா அஞ்சலும்" என்ற அறையில் அப்படியே கிடக்கும். குப்பைத்தொட்டிக்கு அனுப்பி, அதைக் காலி செய்தால்தான் ஜிபி குறையும். சும்மா விட்டாலும் 30 நாளில் தொட்டி காலியாகும். இதே காரணத்தால், எல்லா அறைகளையும் எடுத்துவரச் சொன்னால் ஒரே கடிதம் இரண்டு மூன்று பிரதிகளாக வீட்டில் குவியும். "எல்லா அஞ்சலும்" அறையை மட்டும் எடுப்பது, அல்லது அதைத் தவிர மற்றதை எடுப்பது என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்.

3. வேகம். நிறுவனங்களுக்கான வொர்க்ஸ்பேஸ் கணக்குகளில் ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2,500 எம்பி வரைதான் இறக்கலாம் என்று கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 15 ஜிபி இறங்க ஆறு நாள். நடுவில் நின்றுவிட்டால் பதற வேண்டாம், மறுநாள் தொடரும்.

ஒரு கடிதம், ஒரு கோப்பு

பழைய முறையில் ஓர் அறையின் கடிதங்கள் முழுவதும் ஒரே நீளக் கோப்பாக எழுதப்படும். நடுவில் ஒரு கடிதத்தை அழிக்கும்போது கரண்ட் போனால் அந்த அறையே சிதையலாம். க்யூமெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் இதற்கு மாற்றாகக் கொண்டுவந்தது மெயில்டிர். ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு. ஒவ்வோர் அறைக்கும் மூன்று துணை அறைகள்: டெம்ப், நியூ, கர். வரும் கடிதம் முதலில் டெம்ப்பில் எழுதப்படும். முழுதாக எழுதி முடித்த பிறகே நியூவுக்கு மாறும். கிளையன்ட் பார்த்துவிட்டால் கர்ருக்குப் போகும். எழுதும்போது மின்சாரம் நின்றால் அரைகுறைக் கடிதம் டெம்ப்பிலேயே கிடக்கும், இன்பாக்ஸைக் கெடுக்காது. நம் ஊருக்கு இதைத் தவிர வேறொன்றை நான் சொல்ல மாட்டேன்.

இதிலும் ஒரு சிக்கல். படித்தது, பதில் போட்டது என்ற குறிகளை மெயில்டிர் கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்கும்; அந்த வாலில் ஒரு முக்காற்புள்ளி வரும். விண்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்காது. சாதாரணப் பென் டிரைவும் அப்படியே. லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் பெட்டகத்தைப் பென் டிரைவில் நேராகப் பிரதியெடுக்கப் போய், "பிழை" என்று வந்ததும் டிரைவைக் குறை சொல்வார்கள். முழு அடைவையும் முதலில் ஒரே கோப்பாகக் கட்டிவிட்டு, அந்தக் கோப்பைப் பிரதியெடுத்தால் தீர்ந்தது.

சர்வர் எதற்கு, தண்டர்பேர்டின் கோப்புறையையே நெட்வொர்க்கில் பகிர்ந்துவிட்டால் ஆகாதா? ஆகாது. இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் திறந்தால் ஒன்று எழுதியதை மற்றொன்று அறியாமல் மேலே எழுதும். செட்டியார்கள் வெளியூரில் கூடித் தொழில் நடத்திய கிட்டங்கியில் ஆளுக்கொரு பெட்டியடி (மேசையிடம்) இருந்ததைப் போல, டவ்காட்டில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பெட்டி. பொதுப் பெட்டியை இருவர் திறந்தாலும் ஒழுங்கு பார்த்துக்கொள்ள நடுவில் ஆள் இருக்கிறது.

அமைக்கும்போது தீர்மானிக்க வேண்டியவை

1. எந்தப் பதிப்பு. டவ்காட் 2.4 என்பது 2025 ஜனவரியில் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பில் அதுதான் இருக்கிறது. இதில் அமைப்புக் கோப்பின் இலக்கணமே மாறிவிட்டது. எந்தப் பதிப்புக்கான கோப்பு இது என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். கடிதங்கள் இருக்கும் இடத்தை ஒரே வரியில் தந்த பழக்கம் போய், வகை ஒரு வரி, பாதை ஒரு வரி என்று ஆகிவிட்டது. 2.3 காலத்துக் குறிப்புகளைப் பார்த்து எழுதினால் சர்வர் எழுந்திருக்கவே மாட்டேன் என்னும். இன்றைக்குப் புதிதாக நிறுவுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்.

2. யாருக்குக் காது கொடுப்பது. ஒரே கம்ப்யூட்டரில்தான் சர்வரும் தண்டர்பேர்டும் என்றால் 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் கேட்கச் சொல்லுங்கள். அது கம்ப்யூட்டர் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரி. வெளியிலிருந்து எவரும் நுழைய வழியே இல்லை. கடையில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் இருந்தால் 192.168 என்று தொடங்கும் உள்முகவரியில் கேட்க வேண்டும். அந்த எண் மாறாதபடி ரௌட்டரில் நிலைநிறுத்திவிடுவது நல்லது.

3. பூட்டு. ஒரே கம்ப்யூட்டருக்குள் பாஸ்வேர்டை மறைக்காமல் சொன்னாலும் டவ்காட் ஏற்கும். இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து அப்படிச் சொன்னால் ஏற்காது, 993-ஆம் வாசல் வழியாக மறையாக்கத்தோடு வா என்னும். மறையாக்கத்துக்கு வேண்டிய சான்றிதழை நாமே உருவாக்கிக்கொள்ளலாம்; தண்டர்பேர்ட் ஒரு முறை சந்தேகப்பட்டுக் கேட்கும், நாம் உருவாக்கியதுதானா என்று பார்த்துவிட்டுச் சம்மதம் சொன்னால் போதும்.

4. ரௌட்டரில் எந்த வாசலையும் வெளியே திறந்துவிடாதீர்கள். சிங்கப்பூர் போன பையன் அங்கிருந்து பழைய கடிதம் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு விபிஎன் (வெளியிலிருந்து மறையாக்கத்தோடு வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் வழி) இருக்கிறது. சரிபார்ப்பது சுலபம்: வைஃபையை அணைத்து, செல்போன் டேட்டாவில் இருந்துகொண்டு வீட்டுச் சர்வரைக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வரக் கூடாது.

இரண்டாவது பிரதி

ஜிமெயிலில் அழித்துவிட்டு வீட்டில் வைத்தால், உலகத்தில் அந்தக் கடிதம் இருப்பது ஒரே இடத்தில். ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டு திடீர் மின்வெட்டுக்குச் சீக்கிரம் பலியாகும் பொருள். பெட்டகத்தை அதில் வைக்காமல் தனி டிஸ்க்கில் வைப்பதும், சின்ன யுபிஎஸ் ஒன்று போடுவதும் ஆடம்பரமில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் அச்சுத் துணுக்குகளும் செட்டிநாட்டு வீட்டில்தான் இருந்தன. அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. அங்கே மும்முரமாக நடந்த வேலைகளில் ஒன்று மைக்ரோஃபிலிம் எடுப்பது. சேர்ப்பவர் ஒருவர் இருந்தாலும் பிரதி எடுக்க இன்னொரு ஏற்பாடு வேண்டியிருந்தது.

இரண்டு கணக்குகளை ஒத்திசைத்து வைப்பதைப் பலர் காப்புப்பிரதி என்று நினைக்கிறார்கள். ஒத்திசைவில் ஒரு பக்கம் அழித்தது மறு பக்கமும் அழியும். கை தவறினால் இரண்டும் காலி. காப்புப்பிரதி என்றால் நேற்றைய நிலை இன்று மாறாமல் இருக்க வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க், வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி, ஒன்று கடையில் இல்லாமல் வீட்டில். மெயில்டிரில் புதிதாக வந்த கடிதங்கள் தனிக் கோப்புகள் என்பதால் முதல் தடவைக்குப் பிறகு புதியதை மட்டும் பிரதியெடுத்தால் போதும், சில நிமிட வேலை.

அப்புறம் ஒரு முறை திரும்ப எடுத்தும் பார்க்க வேண்டும். வேறொரு லேப்டாப்பில் டவ்காட்டை நிறுவி, காப்புப்பிரதியை அதில் போட்டு, தண்டர்பேர்டைக் காட்டி, மூன்று வருடத்துக்கு முந்தைய ஓர் ஆர்டர் கடிதத்தைத் தேடி, அதிலுள்ள படம் திறக்கிறதா என்று பாருங்கள். அது திறந்த பிறகு ஜிமெயிலில் இருக்கும் பிரதியை அழிக்கலாம்.